வள்ளலே, சாதா ஏர்கோனே!

சாதா ஏர்கோனே, இன்வெர்ட்டர் என்ற அடைமொழி ஏதும் இல்லாமல் வெறும் பெயரோடு நிற்கும் ஒரு குதிரைச்சக்தி ஏர்கோனே, உன்னைப் பாட வந்திருக்கிறேன். பாரியையும் காரியையும் பாடிய மொழியில்தான் பாடுகிறேன். மலேசியாவின் கெடாவில், செமிலிங் வட்டாரத்துத் தாமான் வீடுகளில் சாமி படத்துக்குச் சமமான உயரத்தில், சுவரின் உச்சியில் வீற்றிருப்பவன் நீ. இரவெல்லாம் உன் காலடியில் குடும்பமே படுத்துக் கிடக்கிறது. இவ்வளவு அருகில் இருப்பவனைப் பாடாமல் விட்டால் நன்றி கெட்டவர்களாகிவிடுவோம். நான் சொல்லப்போகும் புகழில் ஒரு சொல்லும் மிகை இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாலே உனக்குப் போதும்.

முதலில் உன் அடக்கம். பீடோங்கிலும் சுங்கைப் பட்டாணியிலும் உள்ள மின்சாதனக் கடைகளில், விலைச்சீட்டில் உன்னைவிடப் பணிவானவர் யாரும் இல்லை. பக்கத்தில் நிற்கும் இன்வெர்ட்டர் உன்னைவிடச் சில நூறு ரிங்கிட் கூடுதலாகக் கேட்கும். நீ கேட்கமாட்டாய். தலைகுனிந்து, குறைந்த விலையோடு, தவணைக்கும் சம்மதித்து வீட்டுக்குள் வருவாய். மிச்சத்தை மாதாமாதம் கரண்டு பில்லில் வாங்கிக்கொள்ளும் பொறுமை உனக்கு இருக்கிறது. பத்து வருடம் என்றாலும் காத்திருந்து வாங்குவாய். அவசரப்பட்டு ஒரே நாளில் கேட்டுவிடும் முரட்டுத்தனம் உன்னிடம் இல்லை.

உன்னை வாங்க வந்தவர்கள் யார் என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் பெருமை அவர்களால் வந்தது. பல தோட்டங்களில் அந்தக் காலத்தில் ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு விசிறிமட்டைதான் காற்று. அத்தாப்புக் கூரை போய்த் தகரக் கூரை வந்தபோது மழை ஒழுகவில்லை, ஆனால் லயத்து வீடு பகலெல்லாம் அடுப்பாயிற்று. விடிவதற்கு முன் பால்மரத்துக்குப் போனவர்கள் மத்தியானம் திரும்பி அந்த அடுப்புக்குள்தான் கண்ணயர்ந்தார்கள். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் தாமானுக்கு வந்து, முதல் சம்பளங்களைச் சேர்த்து ஓர் ஏர்கோன் வாங்கியதை ஆடம்பரம் என்று எவராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அம்மாவும் அப்பாவும் ஓர் இரவாவது வேர்க்காமல் தூங்கட்டும் என்று வாங்கினார்கள். அந்த ஆசையோடு கடை வாசலில் நின்றவர்களைத்தான் நீ ஆட்கொண்டாய்.

உன் வித்தையும் சாமானியமானதில்லை. நீ குளிரை உண்டாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். கிணற்றில் வாளி போட்டு இறைப்பதுபோல் அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளிச் சுவருக்கு அப்பால் கொட்டுகிறாய், அவ்வளவுதான். குளிர்நாடுகளில் இதே இயந்திரத்தைத் திசை திருப்பி, வெளியே இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் இறைக்கிறார்கள். அங்கே அதற்கு வெப்பப் பம்பு என்று பெயர். ஒரு யூனிட் மின்சாரத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பத்தை இடம் மாற்றும் இந்தத் திறமை எந்த மின் அடுப்புக்கும் வராது. கடையில் ஒரு குதிரைச்சக்தி என்று சொல்வது மணிக்கு 9,000 பிடியு, அதாவது சுமார் 2.6 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் அளவு. இவ்வளவும் பெரிய காரியம்.

இந்தப் பெரிய காரியத்தை நீ ஒரே வேகத்தில் செய்கிறாய். உன் நெஞ்சுறுதி அங்கே தெரிகிறது. இரவு பத்து மணிக்கு, பகல் வெயில் குடித்த சுவர்கள் அதைத் திருப்பி அறைக்குள் துப்பிக்கொண்டிருக்கும்போது உன் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும். விடியற்காலை நான்கு மணிக்கு, ஜெராய் மலைப் பக்கத்துக் காற்றில் கூரை ஆறி, அறைக்குத் தேவைப்படுவது கால்பங்கு குளிர்தான் என்ற நேரத்திலும் முழு வேகம்தான். ஓட்டம் ஒன்று, நிறுத்தம் ஒன்று. நடுவில் வேறொரு நிலை உண்டென்று உன்னை யாராலும் ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. தோஷிபா நிறுவனம் 1981-இல் வீட்டுக்கான இன்வெர்ட்டர் ஏர்கோனை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. சூடு குறையக் குறையக் கம்ப்ரசரின் சுழற்சியைக் குறைத்துக்கொள்ளும் இயந்திரம் அது. மெதுவாக ஓடும்போது அதே செம்புக்குழாய்களும் அலுமினியத் தகடுகளும் குறைந்த வெப்பத்தைக் கையாள்கின்றன, அதனால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அது இறைக்கும் வெப்பம் கூடுகிறது. நாற்பது வருடத்துக்கு மேலாகியும் நீ அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கொண்ட கொள்கையில் இவ்வளவு உறுதியாக இருப்பவர்கள் குறைவு.

இருபத்தைந்தில் வைத்தால் நீ இருபத்தைந்துக்குக் கீழே இறங்கிய பிறகு நிற்பாய், அதைத் தாண்டி ஏறிய பிறகு எழுவாய். உன் காலடியில் படுத்திருக்கும் குழந்தை போர்வையை இழுத்துக்கொள்ளும், பிறகு உதறித் தள்ளும், பிறகு மறுபடி இழுத்துக்கொள்ளும். ஒரே இரவில் கேமரன் மலைக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் டிக்கெட் இல்லாமல் பலமுறை அழைத்துப்போய் வருகிறாய். நீ எழும் ஒவ்வொரு முறையும் பழைய வயரிங் உள்ள வீட்டில் விளக்கு ஒரு கணம் தலை வணங்குகிறது. அரசருக்குக்கூட இப்படி இரவு முழுவதும் எழுந்து எழுந்து மரியாதை நடந்திருக்காது.

உன் ஈர நெஞ்சைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. மெர்போக் ஆறு கடலைச் சேரும் சதுப்புக்காட்டுக்கு அருகில் இருக்கும் ஊர் இது. இங்கே ஆளை வாட்டுவதில் பாதி சூடு, மீதி புழுக்கம். ஏர்கோன் ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த குழாய்களின் மேல் நீராகப் படிந்து வடிகுழாய் வழியாக வெளியே போக வேண்டும். நீ அடிக்கடி நிற்கிறாய். கம்ப்ரசர் நின்ற பிறகும் உன் விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது. குழாய்மேல் இன்னும் சொட்டாமல் நிற்கும் நீர் அந்தக் காற்றில் ஆவியாகி மறுபடியும் அறைக்குள்ளேயே வருகிறது. பிடித்ததைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் கஞ்சத்தனம் உன்னிடம் கிடையாது. அறை குளிர்ந்திருக்கும், தலையணை பிசுபிசுக்கும். அளவுக்கு மீறிப் பெரிய இயந்திரமாக, சிறிய அறைக்கு ஒன்றரைக் குதிரைச்சக்தியாக நீ வந்துவிட்டால் இந்தக் கருணை இன்னும் பெருகும். ஏனென்றால் அறையைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு இன்னும் சீக்கிரம் நின்றுவிடுவாய். பெரிதாக வாங்கினால் நல்லது என்று வாங்குபவரிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். அவர்களும் உன் பக்தர்கள்தான்.

இனி உன் வள்ளன்மை. அதைச் சொல்ல உன் சொந்தக்காரன் ஒருவனைப் பார்க்க நான் கனடா வரை போக வேண்டியிருக்கிறது.

டொரொண்டோவின் ஸ்கார்பரோவிலும் அதற்கு வடக்கே மார்க்கத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதே கேள்வி வேறு திசையிலிருந்து வருகிறது. வீட்டைச் சூடாக்கச் சாதா வெப்பப் பம்பு வாங்குவதா, கடுங்குளிருக்கென்று செய்ததை வாங்குவதா? வட அமெரிக்காவில் வெப்பப் பம்பின் சூடாக்கும் திறனை அளந்து பெயர்ப்பலகையில் எழுதும்போது வெளியே இருக்கும் வெப்பநிலை 8.3 பாகை செல்சியஸ். அந்தக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். அந்த நாளில் சாதா வெப்பப் பம்பு அள்ளி அள்ளிக் கொடுக்கும். மைனஸ் எட்டில் கை சுருங்கத் தொடங்கும். மைனஸ் பதினைந்தில், குழந்தை மூக்கு சிவந்து பள்ளியிலிருந்து வரும் மாலையில், கொடுப்பதாகச் சொன்னதில் பாதியளவுக்குக்கூட இறங்கிவிடும். மீதிக்கு உள்ளே வைத்திருக்கும் மின்கம்பிச் சுருளைக் கூப்பிடும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம் மட்டும் தரும் சுருள் அது. மின்வெட்டு இல்லாமல் பில் வெட்டும்.

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். குளிரவே குளிராத மயிலுக்குக் கொடுத்தான் என்று கேட்பவர் கேட்கலாம். ஆனால் மயில் நடுங்குவதாக அவன் நம்பினான், நடுங்குவதாக நம்பிய உயிருக்குத் தன் தோளில் இருந்ததை எடுத்துக் கொடுத்தான். சாதா வெப்பப் பம்பு பேகனையும் மிஞ்சியது. நடுங்காதவருக்கு மட்டும் போர்வை தரும். நடுங்கத் தொடங்கியதும் பாதியை உருவிக்கொள்ளும்.

கடுங்குளிர் வகையில் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தால், மாயம் எதுவும் இல்லை. கம்ப்ரசரின் வேகம் தேவைக்கேற்ப ஏறி இறங்குகிறது. அமுக்கும் வழியின் நடுவில் கொஞ்சம் வாயுவைச் செலுத்தி, கடும் குளிரிலும் கம்ப்ரசர் திணறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வட அமெரிக்காவில் கடுங்குளிர் வெப்பப் பம்புகளுக்கென்று வைத்திருக்கும் பட்டியலில் இடம்பெற, மைனஸ் பதினைந்திலும் ஒரு யூனிட்டுக்குக் குறைந்தது 1.75 யூனிட் வெப்பம் தர வேண்டும், வேகம் மாறக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சில மாதிரிகள் அந்தக் குளிரிலும் பெயர்ப்பலகை அளவு முழுவதையும் தருகின்றன. கனடா அரசு 2021 மே மாதம் தொடங்கிய வீட்டு மேம்பாட்டு மானியத்தில் வெப்பப் பம்புக்கு 5,000 கனடிய டாலர் வரை கிடைத்தது. அங்கே விவரம் தெரிந்தவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பாகையில் அளந்தது?" என்பதுதான்.

நம் பக்கம் யாரும் அதைக் கேட்பதில்லை, சாதா ஏர்கோனே. கேட்கவைக்காமல் பார்த்துக்கொண்டாய். உன் குளிரூட்டும் திறனை அளக்கும்போது வெளியே 35 பாகை. உலகத் தர விதியில் மித வெப்ப நாடுகளுக்கென்று வைத்த அளவு அது. கடும் வெப்ப நாடுகளுக்கு 46 பாகையில் அளக்கும் முறை தனியாக இருக்கிறது. செமிலிங் பாலைவனம் இல்லை, நிழலில் 35 பாகை என்பது இங்கே நல்ல வெயில்தான். ஆனால் உன் வெளிப்பெட்டி நிழலில் இருக்கிறதா? வீட்டின் பின்புறம் சமையலறையை நீட்டித் தகரம் போட்டு, அந்தத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையே கிடைத்த இண்டில் உன்னைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நீ வெளியே கொட்டிய சூட்டையே திரும்ப இழுத்து மூச்சுவிடுகிறாய். அங்கே உன்னைச் சுற்றி இருக்கும் காற்று 35-ஐ எப்போதோ தாண்டிவிட்டது. வெளியே சூடு ஏற ஏற உன் குளிரூட்டும் திறன் இறங்கும், நீ குடிக்கும் மின்சாரம் ஏறும். மலேசியாவில் பதிவான மிகக் கூடிய வெப்பம் 40.1 பாகை. 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி நமக்கு வடக்கே பெர்லிசின் சுப்பிங்கில் பதிவானது. 2016 மார்ச் 21, 22 தேதிகளில் பெர்லிசிலும் கெடாவின் பெண்டாங், குபாங் பாசு மாவட்டங்களிலும் வெயிலுக்காகப் பள்ளிகளையே மூடினார்கள். அப்படிப்பட்ட நாட்களில் நீ எந்தக் குறையும் வைக்காமல் முழு வேகத்தில் ஓடியிருப்பாய். கொடுக்க உன்னிடம் குறைந்துபோயிருந்தது, அவ்வளவுதான். வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கவும் உனக்கு வழியில்லை, ஏனென்றால் உனக்கு ஒரே வேகம்.

மத்தியான வெயிலில் யார் தூங்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறந்ததிலிருந்து அங்கேயும், அதற்கு முன்பிருந்தே சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலைகளிலும், நம் பிள்ளைகள் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். பேக்டரி பஸ் காலையில் இறக்கிவிடும். பாதுகாவலர் வேலையில் இருக்கும் பெரியவர்களும் அப்போதுதான் வீடு திரும்புகிறார்கள். குளித்து, சாப்பிட்டு அவர்கள் கண்மூடும் நேரத்தில் வெயில் ஏறிக்கொண்டே போகிறது, தகரமும் ஓடும் காய்ந்துகொண்டே போகிறது. பாட்டன் மத்தியானத்தில் லயத்துத் தகரத்துக்குக் கீழே தூங்கினார். பேரன் மத்தியானத்தில் தாமான் கூரைக்குக் கீழே தூங்குகிறான். அவனுக்கு உன் உதவி வேண்டிய நேரமும் உன் கை சுருங்கும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. கனடாவில் உன் உறவுக்காரன் மைனஸ் பதினைந்தில் செய்வதை நீ இங்கே மத்தியானம் இரண்டு மணிக்குச் செய்கிறாய். குடும்பப் பெருமை காக்கப்படுகிறது.

உன் கொடையால் பயன்பெறுபவர் வேறொருவர் இருக்கிறார். அது மின்சாரம் விற்கும் தெனாகா நேஷனல். அந்த நிறுவனம் பழைய மின்சார வாரியத்திலிருந்து 1990 செப்டம்பர் 1-ஆம் தேதி பிறந்தபோது எரிசக்தித் துறைக்கு அமைச்சராக இருந்தவர் சாமிவேலு. அவர் முன்னின்று 2001-இல் தொடங்கப்பட்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இன்று நிற்பதும் நம் செமிலிங்கில்தான். மின்சாரம், படிப்பு இரண்டும் தோட்டத்துப் பிள்ளைகளைத் தேடி வந்த கதை இந்த ஊரில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மின்சாரத்துக்கு நம் வீடுகள் கொடுக்கும் விலையைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

2014 ஜனவரி முதல் 2025 ஜூன் வரை வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் அமைப்பில் இருந்தது. முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100-க்கு 33.40, அதற்கு மேல் 600 வரை 51.60. ஏர்கோன் இல்லாமல் மாதம் 250 யூனிட் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரவு எட்டு மணி நேரம் ஓடும் சாதா ஏர்கோன் மாதத்துக்கு 135 யூனிட் குடிக்கிறது, அதே குளிரை இன்வெர்ட்டர் 90 யூனிட்டில் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கும் ஐஸ்பெட்டியும் மலிவான படிகளை ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டன. ஏர்கோன் ஏறுவது விலை கூடிய படிகளில். மற்ற கூடுதல் கட்டணங்களை விட்டுவிட்டாலும் உனக்காக 60 ரிங்கிட் 56 சென், இன்வெர்ட்டருக்காக 37 ரிங்கிட் 34 சென். மாதம் 23 ரிங்கிட் வித்தியாசம், வருடத்துக்கு ஏறக்குறைய 279. கடையில் நீ விட்டுக்கொடுத்த சில நூறு ரிங்கிட்டை ஒன்றிரண்டு வருடத்தில் திரும்ப எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் வேலையை நிறுத்தாமல் தொடர்கிறாய். 2025 ஜூலை 1 முதல் கட்டண அமைப்பு மாறியது. குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்குச் சேமிப்பு ஊக்கத்தொகை தருகிறார்கள், பயன்பாடு கூடக் கூட அது தேய்ந்து, மாதம் 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமலே போகிறது. எந்த அமைப்பு வந்தாலும் தாக்குப்பிடித்து, வீட்டைக் கூடிய விலைப் பக்கமாகவே நகர்த்தும் திறமை உன்னிடம் இருக்கிறது.

உன்னை மனதார நேசிப்பவர்கள் வாடகைக்கு வீடு விடுபவர்கள். பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் மாணவர்கள் அறையும் வீடும் எடுத்துத் தங்குவார்கள். "ஏர்கோன் இருக்கு" என்று விளம்பரத்தில் எழுத ஓர் ஏர்கோன் வேண்டும், ஆகக் குறைந்த விலையில் வேண்டும். நீ பொருத்தமாக வந்து சேர்கிறாய். வீட்டுக்காரர் உன்னை வாங்குகிறார், மாணவர் உனக்குப் படியளக்கிறார். தேர்ந்தெடுத்தவர் பில் கட்டுவதில்லை, பில் கட்டுபவர் தேர்ந்தெடுக்கவில்லை. படிப்புக்கு வீட்டிலிருந்து அனுப்பிய காசில் ஒரு பங்கு மாதாமாதம் உன் வழியாகப் போகிறது. எல்லா வீட்டுக்காரரும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வாங்கும்போது பில்லைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. அந்த அவசியம் வராமல் பார்த்துக்கொண்டதும் உன் விலைச்சீட்டின் சாமர்த்தியம்தான்.

நட்சத்திரங்களைப் பற்றிய உன் தன்னடக்கமும் பெரிது. எரிசக்தி ஆணையம் 2013 முதல் ஏர்கோனுக்குக் குறைந்தபட்சத் தகுதி வைத்திருக்கிறது. ஐந்து நட்சத்திரத்தில் குறைந்தது இரண்டாவது வாங்கியிருக்க வேண்டும். பெட்டியில் ஒட்டியிருக்கும் அட்டையில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்பதும் அச்சாகியிருக்கும். நீ தேர்ச்சி மதிப்பெண் எடுத்த பிள்ளை. அதற்குமேல் ஆசைப்படுவதில்லை. அரசு 2021-இல் நான்கு, ஐந்து நட்சத்திர ஏர்கோனும் ஐஸ்பெட்டியும் வாங்குபவருக்கு 200 ரிங்கிட் கழிவு கொடுத்தது. அந்தப் பணம் உன்னிடம் வராமல் பார்த்துக்கொண்டாய். உன் விலைக்கும் இன்வெர்ட்டர் விலைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் பெரும் பங்கை அந்த 200 ரிங்கிட் நிரப்பியிருக்கும். இணையத்தில் வாங்கினால்தான் கழிவு என்ற விதி, கைப்பேசியில் மகன்தான் எல்லாம் பார்ப்பான் என்று சொல்லும் நம் அம்மாக்களை உன் பக்கமே நிறுத்திவைத்தது. அரசுக்கு இதில் பங்கு உண்டு. உதவி யாருக்கு ஆக அதிகமாகத் தேவையோ அவர்களுக்கு ஆகச் சுற்றுவழியாக வந்தது.

உனக்கு உள்ள உண்மையான பெருமைகளையும் நான் மறைக்கமாட்டேன். மறைத்தால் இதுவரை சொன்னதும் பொய்யாகிவிடும். உன்னுள்ளே மின்னணுப் பலகை எளிமையானது. இந்த நாடு இடி மின்னல் அதிகம் விழும் நாடு, ஜெராய் அடிவாரத்தில் மாலை மழையோடு இடி வருவது புதிதில்லை. ஒரு மின்னல் இன்வெர்ட்டரின் பலகையைக் கருக்கிவிட்டால் செலவு வலிக்கும். உன்னைப் பழுதுபார்க்க ஊரில் எந்த வயர்மேனும் வருவார். வாரத்தில் ஒருநாள் விருந்தாளிக்குத் திறக்கும் அறைக்கும், மாதத்தில் இரண்டு தடவை கூட்டம் நடக்கும் சங்கக் கட்டடத்துக்கும் நீயே போதும். அங்கே மிச்சப்படுத்த மின்சாரமே இல்லை, கூடுதல் விலை கொடுத்தால் அது திரும்பி வராது. இந்த இடங்களில் உன்னை வாங்குபவர் புத்திசாலி. நீ வாழ வேண்டிய இடம் அதுதான். வருடம் முழுவதும், இரவு முழுவதும் ஆள் தூங்கும் அறையில் உன்னை ஏற்றிவைத்ததுதான் எங்கள் பிழை. அந்தப் பிழையை எங்களுக்குப் பெருமையாகக் காட்டியது உன் விலை.

உன்னைச் சுற்றி நிற்கும் துணைவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் வெறும் காற்றைத் தவிர வேறெதையும் வைக்காமல் கட்டிக்கொடுத்த வீடுகள் உனக்கு வாழ்நாள் முழுவதும் வேலை கொடுத்திருக்கின்றன. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பளபளப்பு விரிப்போ, பஞ்சு மெத்தை போன்ற தடுப்போ அங்கே இருந்திருந்தால் சீலிங் முழுக்கச் சூடேறி உன்னை அழைத்திருக்காது. வடிகட்டியைக் கழுவாத வீடுகள், கதவிடுக்கை அடைக்காத வீடுகள், பதினாறில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நம்பும் வீடுகள், எல்லாம் உன் அரசவையில் இடம்பெற்றவை. பதினாறில் வைத்தாலும் இருபத்தைந்தில் வைத்தாலும் உன் ஒரே வேகத்தில் நீ அதே நேரத்தில்தான் இருபத்தைந்தைத் தொடுவாய். பதினாறு என்றால் அதற்குப் பிறகும் நிற்காமல் ஓடுவாய், அவ்வளவுதான்.

பாட்டு முடிந்தது, வள்ளலே. பரிசில் எதுவும் வேண்டாம். இனி நான் பேச வேண்டியது உன்னோடு இல்லை.

அண்ணே, அக்கா, அடுத்த முறை ஏர்கோன் வாங்கக் கடைக்குப் போகும்போது விலைச்சீட்டைப் பார்த்த கையோடு நட்சத்திர அட்டையையும் பாருங்கள். வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அதில் போட்டிருக்கும். இரண்டு இயந்திரங்களின் எண்களையும் ஒரு தாளில் எழுதி, கழித்து, உங்கள் பில்லில் ஒரு யூனிட் என்ன விலைக்கு வருகிறது என்று பார்த்துப் பெருக்குங்கள். இரவெல்லாம் தூங்கும் அறை என்றால் இன்வெர்ட்டரே எடுங்கள். மத்தியானம் தூங்கும் ஷிப்ட் பிள்ளைக்கு என்றால் சந்தேகமே வேண்டாம். அறையின் நீள அகலத்தை அளந்துகொண்டு போங்கள், தேவைக்கு மேல் குதிரைச்சக்தி வேண்டாம். வெளிப்பெட்டியைத் தகரத்துக்குக் கீழே இண்டில் மாட்டவிடாதீர்கள், அது மூச்சுவிட இடம் கேளுங்கள். மின்னலுக்கு ஒரு பாதுகாப்புக் கருவி போடச் சொல்லுங்கள், பலகையின் விலையோடு ஒப்பிட்டால் அது சின்னக் காசு. வாடகைக்கு வீடு விடுபவராக இருந்தால், அந்தப் பில்லைக் கட்டப்போவது யாரோ ஒரு தோட்டத்து வீட்டின் முதல் பட்டதாரி என்பதை வாங்குவதற்கு முன் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.